க்ரோத்துக்கு ஒரு தமிழ் வார்த்தை

எங்கள் பக்கத்தில் 'க்ரோத்து' என்ற வார்த்தை இரண்டு இடத்தில் புழங்கும். ஒன்று, கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் மனை விற்கிறவர்கள் நட்டிருக்கும் பலகைகளில். ஏரியா சீக்கிரம் க்ரோத்து ஆகும், இப்போதே வாங்கிப் போடுங்கள் என்று கோட்டு போட்ட ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். இன்னொன்று, ஸ்கேன் எடுக்கிற இடத்தில், புற்றுக்கட்டி என்று வாய்விட்டுச் சொல்லாமல் இருக்க. "வயித்துல க்ரோத்து கீதாம்" என்று யாராவது சொன்னால், கேட்டவர்கள் நோயைப் பற்றி மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். உச்சுக் கொட்டிவிட்டு, பிள்ளைகள் பெரிசா சின்னதா என்றுதான் விசாரிப்பார்கள்.

அந்த இரண்டாவது இடத்தில் என் அக்காவின் பெயர் வந்து மாட்டிக்கொண்டது. அதுவும் அவளுக்கு இல்லாத ஒரு நோய்க்காக.

அக்கா சிப்காட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கிறவள். உள்ளே போகும்போது கம்பெனி தருகிற செருப்பைத்தான் போட வேண்டும். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தவள், கொஞ்ச நாளாகக் காலையில் அந்தச் செருப்பு ஏறுவதில்லை என்றாள். "செருப்பு சுருங்கிப்போச்சுடா. கம்பெனிக்காரன் அதுலயும் மிச்சம் புடிக்கிறான்" என்று சிரித்தாள். நான் அவள் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன். விழுந்த குழி அப்படியே நின்றது.

"ஒண்ணுக்கு நுரையா போவுதா?" என்று கேட்டேன்.

தம்பி கேட்கிற கேள்வியா என்று முறைத்தாள். பிறகு குரலை இறக்கி, "சோப்புத் தண்ணி கணக்கா போவுது. உனக்கு எப்படிடா தெரியும்?" என்றாள்.

புத்தகத்தில் படித்ததுதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான் ஒருவன். அப்பா இரும்பு மில்லில் லோடு ஏற்றுகிறார். அம்மா கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறார். நான் கவரைப்பேட்டையில் ரயில் ஏறிப் போய் சென்னையில் உயிர்வேதியியல் முதுகலை படிக்கிறேன். அது என்ன படிப்பு என்று கேட்கிறவர்களிடம் அப்பா "ரத்த டெஸ்ட்டு படிப்பு" என்று சொல்லி முடித்துவிடுவார். ஆகவே உறவில் யாருக்கு எந்த ரிப்போர்ட் வந்தாலும் அது என் கைக்கு வந்துவிடும். அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், கல்யாணப் பந்தலிலேயே சொல்லிவிட்டார்: "மச்சான், இனிமே எங்க ஊட்டு டாக்டரும் நீதான். ஃபீஸ் கேட்டா உங்கக்காவ திருப்பி அனுப்பிடுவேன்."

சென்னையில் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூத்திரத்தில் புரதம் ஒழுகுகிறது, கொஞ்சம் ரத்தமும் போகிறது என்றார்கள். முதுகு வழியாக ஊசி விட்டு கிட்னியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்தார்கள். கிட்னிக்குள் ரத்தத்தை வடிகட்டுகிற நூல்பந்து மாதிரியான சின்னச் சின்ன முடிச்சுகள் உண்டு. உடம்பைக் காக்க வேண்டிய சில பொருட்கள் வழிதவறிப் போய் அந்த முடிச்சுகளில் படிந்து, அங்கே ஓயாமல் எரிச்சலைக் கிளப்பிக்கொண்டிருந்தன. அழற்சி என்பது பாடப்புத்தகச் சொல். எந்த நாற்றமும் சீழும் இல்லாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கிற ஒரு புண் என்று நான் மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

ரிப்போர்ட் வந்த காலையில் பெரிய டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். பின்னால் படிக்கிற டாக்டர்கள் ஒரு கூட்டம். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், நான் தலைமாட்டில். கதவுக்கு வெளியே வராந்தாவில் அக்காவின் மாமியார் உட்கார்ந்திருந்தார். வள்ளூரிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து, மருமகளுக்கு இட்லி கட்டிக்கொண்டு வந்திருந்தார். நாஷ்டா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே பேசுகிறது காதில் விழுகிற மாதிரி சாய்ந்திருந்தார்.

டாக்டரம்மா அக்காவிடம் பேசவில்லை, மாணவர்களிடம் பேசினார். "இன்ஃப்ளமேஷன் இன்னும் ஆக்டிவா இருக்கு. க்ரோத் ஃபேக்டர்ஸ்தான் இங்க வில்லன். செல் பெருகிட்டே போகுது. இத இப்பவே அடக்கலன்னா எல்லாம் ஸ்காராயிடும்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது என்பதை மறைக்க மாட்டேன். போன செமஸ்டரில்தான் க்ரோத் ஃபேக்டர்களைப் படித்திருந்தேன். ரத்தத் தட்டணுக்களில் இருந்து கிளம்புகிற ஒன்று வடிகட்டி முடிச்சுக்குள் இருக்கும் செல்களைப் பெருகச் சொல்லும். இன்னொன்று நார் நாராகத் தழும்பைப் போடச் சொல்லும். நான் கலர் பென்சிலில் அம்புக்குறி போட்டுப் படித்ததெல்லாம் அக்காவின் முதுகுக்குள் நடந்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

வெளியே வந்து பார்த்தால் அத்தை முகம் வெளிறிப்போயிருந்தது. அத்தை என்று நான் சொல்வது அக்காவின் மாமியாரைத்தான். டப்பாவை அக்காவின் கட்டிலில் வைத்துவிட்டு, அவள் தலையைத் தடவிவிட்டு, "வா நைனா, போலாம்" என்றார். எங்கள் பக்கத்தில் ஆந்திரா எல்லை கிட்டத்தில் இருப்பதால் நைனா என்ற தெலுங்கு வார்த்தை பிள்ளையையும் கூப்பிடும், அப்பனையும் கூப்பிடும். அன்றைக்கு அவர் குரலில் நான் எது என்று எனக்குப் புரியவில்லை.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் திருவொற்றியூர் தாண்டுகிற வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் திரும்பாமலே கேட்டார். "அந்தம்மா க்ரோத்துன்னு சொன்னா இல்ல?"

"சொன்னாங்க அத்தே. ஆனா அது நீங்க நெனக்கிற—"

"சொன்னாளா, இல்லியா?"

"சொன்னாங்க. அது க்ரோத் இல்ல, க்ரோத் ஃபேக்டர். கட்டிலாம் கெடையாது அத்தே. தமிழ்ல வளர்ச்சிக் காரணின்னு சொல்லுவாங்க."

பாடப்புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. அதைக் கேட்டதும் அத்தை சிரித்தார். எதிர் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மா திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமான, நல்லா இல்லாத சிரிப்பு. "வளர்ச்சியா? திரும்பியும் வளர்ச்சியா? போ நைனா. அன்னிக்கும் ஒருத்தன் இத்தத்தான் சொன்னான்" என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் டீ குடிக்கும்போது மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "எங்கப்பாவுக்கு வயித்துல க்ரோத்து மச்சான். நான் சின்னப் பையன். இதே மாதிரி டாக்டருங்க இங்கிலீஷ்ல பேசிக்கினு போய்ட்டாங்க. எங்கம்மா யாரையோ கேட்டுச்சாம், இன்னா சொன்னாங்கன்னு. அப்பால ரொம்ப நாள் இல்ல அவரு." அவ்வளவுதான் சொன்னார். கிளாஸில் டீ பாதி இருந்தது. அதைக் கீழே ஊற்றினார்.

அக்காவை மாத்திரைகளோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்டீராய்டு ஒன்று, அது உள்ளே எரிகிறதை அடக்க. பிரஷர் மாத்திரை ஒன்று. "எனக்குப் பிரஷரே பெருசா இல்லன்னாங்க, அப்புறம் எதுக்குடா இது?" என்று அக்கா கேட்டாள். வடிகட்டிக்குள் அழுத்தத்தைக் குறைத்துப் புரதம் ஒழுகுகிறதை அது நிறுத்தும், தழும்பு போடச் சொல்கிற அந்தக் காரணியின் கையையும் கொஞ்சம் கட்டும் என்று சொன்னேன். தலையாட்டினாள். டாக்டரம்மா வாசல் வரை வந்து கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்: "ஸ்டீராய்ட நீங்களா பட்டுன்னு நிறுத்தக் கூடாது, அது ஆபத்து. வேர், பஸ்பம், லேகியம் எதுவும் கூடாது. அதக் குடிச்சிட்டு வந்து படுத்திருக்கறவங்க உள்ள இருக்காங்க." அத்தை அப்போது பக்கத்தில் இல்லை. ஆட்டோ பிடிக்கப் போயிருந்தார்.

ஆட்டோவோடு நிற்கவில்லை அவர். அடுத்த வாரமே பஸ் ஏறி எல்லையைத் தாண்டி ஆந்திரா பக்கம் ஒரு ஊருக்குப் போய்விட்டு வந்தார். அங்கே கட்டியைக் கரைக்க வேர் கொடுக்கிற ஒருவர் இருக்கிறாராம். டப்பு வாங்க மாட்டாராம், வெற்றிலை பாக்கு மட்டும்தானாம். ஒரு மஞ்சள் துணியில் முடிந்த வேர்க்கட்டும் ஒரு நிபந்தனையும் கொடுத்து அனுப்பியிருந்தார்: வேரைக் குடிக்கிற நாட்களில் இங்கிலீஷ் மருந்து தொடக் கூடாது.

இதை அக்காதான் போனில் சொன்னாள். அவள் குரல் எப்போதும் போல இல்லை. ஸ்டீராய்டில் அவள் முகம் உருண்டையாக ஊதிவிட்டது. பசி பசி என்று வருகிறது, தூக்கம் வரவில்லை. தெருவில் ஒருத்தி, "இன்னாடி, மாமியார் ஊட்ல நல்லா சோறு போடறாங்க போல" என்று கேட்டிருக்கிறாள்.

"வேரக் குடிச்சிடலாம்னு கீதுடா" என்றாள். "அது ஒரு மண்டலத்துல முடிஞ்சிடுமாம். இந்த மாத்திர எப்போ முடியும்னு டாக்டரம்மாவே சொல்ல மாட்டேங்கிறாங்க. கண்ணாடியில யாரோ நிக்கிறாடா. அத்தையும் பாவம்டா, நான் துன்றப்பல்லாம் பக்கத்துல உக்காந்து அழுவுது. எனக்கே இப்போ சந்தேகமா கீது. நீ என்கிட்ட எதாச்சும் மறைக்கிறியா?"

அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பியது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வள்ளூருக்குப் போய்விட்டேன்.

அங்கே அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட்டை நிறுத்திப் பழுது பார்த்து முடித்திருந்த சமயம். ஷட்டவுன் என்று எல்லோரும் சொல்வார்கள். ஷட்டவுன் வந்தால் ஊரே நிரம்பிவிடும். வெளியூர் வெல்டர்கள், ஒரிசாவிலிருந்து ஃபிட்டர்கள் என்று மொட்டை மாடியில்கூட ஆள் படுத்திருப்பார்கள், மெஸ்ஸில் சோறு சீக்கிரம் தீர்ந்துவிடும். முடிந்ததும் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நான் போன அன்று தெரு அப்படித்தான் காலியாகக் கிடந்தது. மாமா பாயிலர் பராமரிப்பில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர். ரொம்ப நாளைக்குப் பிறகு லீவு கிடைத்து, பனியனோடு உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தார். அக்கா சுவரோரம் சாய்ந்திருந்தாள். அடுப்பில் மண்சட்டியில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் மஞ்சள் துணி இன்னும் அவிழ்க்காமல் இருந்தது.

"அத்தே, அத போடாதீங்க" என்றேன். வந்ததும் வராததுமாக.

"வா நைனா. தோச துன்னு" என்றார் அத்தை, என்னைப் பார்க்காமல்.

"அப்புறம் துன்றேன். மொதல்ல அடுப்ப நிறுத்துங்க. அக்காவுக்குக் கட்டி இல்ல. அது அழற்சி."

"அழுவாச்சியா? அது எனக்கே தெரியுமே. தெனம் நானும் அவளும் அதத்தான பண்ணிக்கினு கீறோம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஊதின முகத்தில் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகைதான் வந்தது. நான் விடாமல், செல், காரணி, சமிக்ஞை என்று எனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் கொட்டினேன். அத்தை ஒரு கரண்டியால் தண்ணீரைக் கிளறிக்கொண்டே இருந்தார், உள்ளே எதுவும் இல்லாமலே.

"மச்சான், மச்சான்" என்று மாமா கையை உயர்த்தினார். "நீ பரிச்ச எழுதுற. இங்க யாரும் மார்க்கு போடப் போறதில்ல. எனக்குப் புரியற மாதிரி சொல்லு பாப்போம். நான் பாயிலருக்குள்ள பூந்து வர்றவன்."

வேறு எதுவும் தோன்றாததால், "ஷட்டவுன்ல உள்ள போய் இன்னா பண்ணுவீங்க மாமா?" என்று கேட்டேன்.

"டியூப்பு எங்கியாவது அரிச்சிருக்கும், லீக்காவும். ஃபயர நிறுத்தி, ஆறவெச்சி, உள்ள சாரம் கட்டுவோம். வெல்டர் ஏறி அடைப்பான். முடிஞ்சதும் சாரத்தப் பிரிச்சி, ஒரு கிளாம்பு வுடாம வெளிய எடுத்துனு வருவோம். அப்பாலதான் கதவ மூடுவாங்க."

"நீங்களா உள்ள போயிடுவீங்களா?"

"நானா எப்படிப் போவ முடியும்? பர்மிட் வேணும்ல. இந்த எடத்துல இந்த வேல, இத்தினி ஆளுன்னு பர்மிட் குடுத்தாதான் உள்ளயே வுடுவாங்க. வேல முடிஞ்சா பர்மிட்ட க்ளோஸ் பண்ணணும். க்ளோஸ் பண்ணலன்னா வேல ஓடிக்கினே கீதுன்னு அர்த்தம்."

"க்ளோஸே பண்ணாம, தெனம் புதுப் பர்மிட்டா குடுத்துக்கினே இருந்தா?"

மாமா தோசையைப் பிய்க்கிறதை நிறுத்தினார். "ஆளு வந்துக்கினே இருப்பான். சாரத்து மேல சாரம் கட்டுவான். டியூப்புக்கு நடுவுல காத்து போவ எடம் இருக்காது. அப்பால அது பாயிலரே இல்ல மச்சான், வெறும் கம்பிக் காடு."

"அதுதான் மாமா. அக்கா கிட்னியில நடக்கிறது அதுதான். டாக்டரம்மா க்ரோத் ஃபேக்டர்னு சொன்னாங்களே, அது பர்மிட்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சரியாக உட்கார்கிறது என்று எனக்கே தெரிந்தது. கையில் வெட்டுக் காயம் பட்டால் தோல் மூடுகிறதே, அதற்கும் பர்மிட் கொடுக்கிறது இந்தக் காரணிகள்தான், அவை இல்லாவிட்டால் எந்தப் புண்ணும் ஆறாது என்றேன். அக்காவின் கிட்னியில் எரிகிறது நிற்காததால் பர்மிட்டும் நிற்கவில்லை. பழுது பார்க்க வந்த செல்கள் கூட்டமாகப் பெருகி, வடிகட்டி முடிச்சை அடைக்கின்றன. இப்படியே விட்டால் சாரத்துக்கு மேல் சிமென்ட்டையும் பூசிவிடும், அதுதான் தழும்பு. பூசிய இடம் அப்புறம் வடிகட்டாது. ஸ்டீராய்டு நெருப்பை அணைக்கிறது. பிரஷர் மாத்திரை பர்மிட் எழுதுகிறவன் கையைப் பிடிக்கிறது. இதே கூட்டத்தில் தழும்பைத் தடுக்கிற காரணிகளும் உண்டு, ஆனால் அதைச் சொல்லிக் குழப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அத்தை கரண்டியைக் கீழே வைத்திருந்தார். எனக்குத் தெரியாத ஒன்றை மாமா அப்போது சொன்னார்: அந்த மின் நிலையம் கட்டும்போது அத்தை அங்கே சித்தாளாக வேலை பார்த்தவர். சாரம் என்றால் அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

"அப்போ உள்ள வந்தவன் கெட்டவன் இல்லியா?" என்று அத்தை கேட்டார்.

"இல்ல அத்தே. வேலைக்கு வந்தவன்தான். போகச் சொல்ல ஆளில்ல."

"கட்டியில்ல."

"இல்ல. ஊசி வுட்டு எடுத்துப் பாத்துட்டாங்க. இல்லவே இல்ல."

"அவருக்கு வந்ததும் இந்தப் பர்மிட்டுதானா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அடுப்பில் தண்ணீர் பாதியாகச் சுண்டியிருந்தது. பொய் சொல்லக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

"அது வேற அத்தே. அங்க பர்மிட்டே இல்லாம கட்டுவாங்க. யார் சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

அத்தை அடுப்பைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார், எங்களிடம் என்று சொல்ல முடியாது. "டாக்டருங்க க்ரோத்துன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க. பக்கத்துக் கட்டில்ல ஒரு பையன் படிச்சவனாட்டம் இருந்தான். க்ரோத்துன்னா இன்னாப்பான்னு கேட்டேன். வளர்ச்சின்னு அர்த்தம்மான்னான். பாவம், அவன் தெரிஞ்சதச் சொன்னான். நான் இன்னா நெனச்சேன்? எலும்பும் தோலுமா கெடக்கிற மனுசன், வளர்ச்சின்னு சொல்றாங்களே, தேறிட்டாருன்னு நெனச்சேன். கீழ போயி சக்கர வாங்கினு வந்து வார்டு பூரா குடுத்தேன். ஒரு நர்சம்மா கையில வாங்கிக்கினு, எதுக்கும்மான்னு கேட்டா. எங்க ஊட்டுக்காரருக்கு வளர்ச்சின்னேன்."

மாமாவுக்கே அந்தச் சர்க்கரை தெரியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அம்மா என்று ஒரு தடவை கூப்பிட்டார். அக்கா எழுந்து போய் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு வளர்ச்சின்னா ரோட்டோரப் பலகையில கோட்டு போட்டுக்கினு கீறவன் நைனா" என்று அத்தை என்னிடம் சொன்னார். "எனக்கு அந்தச் சக்கரை. இனிமே என் எதிர்ல அந்த வார்த்தைய சொல்லாத. பர்மிட்டுன்னே சொல்லு."

சரி என்றேன். காரணி, காரணம் என்று எத்தனையோ சொற்களை நான் படித்திருந்தேன். அந்த வீட்டுக்குப் பொருந்திய தமிழ் வார்த்தை பர்மிட்தான்.

அடுப்பை அத்தை நிறுத்தினார். ஆனால் வேர்க்கட்டை எறிந்துவிடவில்லை. மஞ்சள் துணியோடு பரண் மேல் வைத்தார். நான் பார்க்கிறதைப் பார்த்துவிட்டு, "இன்னா மொறைக்கிற? எறங்காது. அந்தம்மா ஆவாதுன்னு கை விரிச்சா அப்போ பாத்துக்கலாம்னுதான்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "நைனாவுக்குத் தோச ஊத்து அத்தே, பேஜாரு பண்ணாம துன்னுவான்" என்றாள். பழைய அக்காவின் குரல் அது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சே மாறிவிட்டது. மாத்திரை நேரம் வந்தால் மாமா, "சூப்பர்வைசர் மேடம், பர்மிட்ட க்ளோஸ் பண்ணிட்டீங்களா?" என்பார். அக்காவுக்கு உப்பு குறைக்கச் சொல்லியிருந்ததால் அத்தை வீட்டுக்கே உப்பைக் குறைத்துவிட்டார். மாமா கருவாடு கேட்டு ஒரு நாள் சண்டை போட்டதாகவும், "உனக்குத் தனியா பர்மிட் கெடையாது" என்று அத்தை சொல்லிவிட்டதாகவும் அக்கா சொன்னாள்.

அடுத்த பரிசோதனைக்கு எல்லோருமாகப் போனோம். இந்தத் தடவை அத்தை வராந்தாவில் உட்காரவில்லை. டப்பாவோடு நேராக உள்ளே வந்து டாக்டரம்மாவின் மேஜை ஓரமாக நின்றுகொண்டார். டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, பர்மிட்ட மூடிட்டாங்களா?"

டாக்டரம்மா நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் திக்கித் திணறி இங்கிலீஷில் விளக்கினேன். பாயிலர், சாரம், க்ரோத் ஃபேக்டர். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, பக்கத்து ஸ்டூலைக் காட்டி, "உக்காருங்கம்மா" என்றார். அந்த ஆஸ்பத்திரியில் அத்தையை யாரும் உட்காரச் சொல்லி நான் பார்த்ததில்லை.

"இன்னும் மூடல. ஆனா புதுசா குடுக்கறது குறைஞ்சிருக்கு. புரதம் போறது பாதிக்கு மேல நின்னுடுச்சு. ஆள் கொஞ்சம் கொஞ்சமா வெளிய போறாங்க."

"சிமென்ட்டு பூசுன எடம்?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தழும்பு என்று முணுமுணுத்தேன். "கொஞ்ச இடத்துல பூசிட்டாங்கம்மா. அது திரும்பி வராது. மீதி இருக்கறத வச்சு நல்லாவே ஓட்டலாம். ஆனா மாத்திரைய நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது. திரும்ப எரிய ஆரம்பிச்சா திரும்பப் பர்மிட் வரும்."

"கட்டுனது கட்டுனதுதான்" என்று அத்தை தலையாட்டினார். மருமகளின் முதுகில் கையை வைத்தார், ஊசி விட்ட இடம் எது என்று தெரிந்த மாதிரி.

ஸ்டீராய்டைக் கொஞ்சம் குறைத்து எழுதினார்கள். வெளியே வந்ததும் மாமாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாசல் கடையைக் காட்டி, "எம்மா, ஸ்வீட்டு வாங்கினு வரவா?" என்றார். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அத்தை கோபப்படவில்லை. "வேணாம்டா. எல்லாத்தையும் மூடட்டும். கதவ சாத்தட்டும். அப்பால பாக்கலாம்."

திரும்பும் ரயிலில் கூட்டம் இல்லை. அக்கா ஜன்னலோரம் தூங்கிப்போனாள். காலில் அவள் சொந்தச் செருப்பு, வார் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அத்தை மடியில் இருந்த டப்பாவைத் திறந்து, இட்லியைப் பிட்டு, சட்னியில் தோய்த்து என்னிடம் நீட்டினார்.

"துன்னு நைனா" என்றார். "உப்பு கம்மியாத்தான் கீது. பழகிக்கோ."